மோனிஷா என்ற பெயர் வந்த வழி

மோனிஷாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா கந்தவேல். ஆட்டையாம்பட்டியில் தறியை விட்டுவிட்டு, இருபத்தாறு வருஷம் வடக்கே லாரி ஓட்டியவர். அம்மா ராமாத்தாளுக்குக் குலதெய்வத்தின் பெயரை வைக்க ஆசை. கந்தவேல் விட்டுக்கொடுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தமிழாசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயருக்குப் பொருள் கேட்டார். மோனிஷா தெரியாது என்றாள்.

"இதெல்லாம் பொருளே இல்லாத பேரு. காதுக்கு நல்லா இருந்தாப் போதும்னு வெச்சுடறாங்க," என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அதன்பின் யார் கேட்டாலும், "சும்மா ஸ்டைலுக்கு வெச்சதுங்க" என்று அவளே முந்திக்கொண்டாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பெயரை மாற்றச் சொன்னார்கள். அவள் சம்மதித்தாள். கந்தவேல்தான், "அது மட்டும் முடியாதுங்க" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. மூன்று வாரம் அவள் அப்பாவோடு பேசவில்லை. பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

இப்போது அஸ்தம்பட்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆவணியில், மில் வேலைக்கு வந்திருந்த தபன் என்ற வங்காளி காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தார். அவள் கோட்டில் குத்தியிருந்த ஆங்கிலப் பெயரட்டையைப் படித்தார்.

"அக்கா, நீங்க பெங்காலியா?"

"இல்லைங்க, ஆட்டையாம்பட்டி."

"இது எங்க ஊர் பேரு. மனீஷான்னு எழுதுறது, மோனிஷான்னு சொல்றது. சமஸ்கிருதம். புத்தி, யோசனைன்னு அர்த்தம்."

அவரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். மதியம் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள்.

"அப்படியா சாமி? எனக்கு அதெல்லாம் தெரியாது," என்றார் கந்தவேல். "ஆசன்சோல் பக்கம் ஆக்சில் ஒடைஞ்சு நின்னுட்டேன். பாஷையும் தெரியல. ஒரு பெங்காலி டிரைவர் தன் வண்டிய ஓரங்கட்டிட்டு ரெண்டு நாள் கூடவே இருந்தாரு. வண்டி முகப்புல என்னமோ எழுதியிருந்துச்சு. என்னன்னு கேட்டேன். மோனிஷா, எம் பொண்ணுன்னாரு. சொல்லும்போது அந்த மனுசன் மொகத்தப் பாக்கோணுமே! நமக்குப் பொண்ணு பொறந்தா இந்தப் பேருதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"இத ஏனுங்கப்பா இத்தன நாள் சொல்லல?"

"எல்லாரும் அர்த்தத்தத்தானே கேட்டீங்க. அது எனக்குத் தெரியாதே கண்ணு."

மோனிஷா அந்த டிரைவரின் பெயர் என்ன என்று கேட்டாள். கந்தவேல் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.