வெள்ளியின் தாகம்

பொன்னி ஜெயித்ததையெல்லாம் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அடி அண்ணாமலையில் தன் வீட்டுச் சந்தில் நடந்த சாராயக் கடையைத் தனியாளாக நின்று எடுக்க வைத்தாள். புருஷன் விட்டுப் போன பிறகும் மகள் தேவிப்ரியாவைப் பத்தாவது பாஸ் பண்ண வைத்தாள். ஆம்பிளை வேலையாட்களிடம் மட்டுமே சாவி கொடுத்த ஒரு விடுதியில் அறை கூட்டும் வேலைக்குச் சேர்ந்து, பதினோரு அறைகளின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் ஒரு கிழட்டுப் பூனைக்கு உடம்பு சரியில்லை என்று நாலு பேருக்குப் புரியவைக்க அவள் பட்ட பாட்டுக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை.

பூனையின் பெயர் வெள்ளி. அந்த விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன்காரம்மா 1989-ல் ஊருக்குத் திரும்பும்போது பொன்னியிடம் விட்டுப் போனது. அப்போதே அதற்கு ஐந்து வயது. விடுதியிலேயே வளர்ந்தது.

1997 மாசியில் பொன்னி முதலில் கவனித்தது தண்ணீரை. கிண்ணம் போதாமல் வாளியில் குடித்தது, குளியலறைத் தரையை நக்கியது. ஒரே தாவலில் மதில் ஏறும் பூனை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. மயிர் சிக்குப் பிடித்துக் கிடந்தது. தூக்கினால் முதுகெலும்பு கையில் தட்டியது.

கிரிவலப் பாதையில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன் ராஜமாணிக்கத்திடம் சொன்னாள்.

"வெயிலு ஜாஸ்தியா கீது. நாமளுந்தான் சொம்பு சொம்பா குடிக்கிறோம்."

"சோறு துன்ன மாட்டேங்குதுண்ணா."

"நேத்து பங்குனி பௌர்ணமிக்கு வழி பூரா அன்னதானம். தொன்னை தொன்னையா தயிர்சாதம் கிடக்குது. உன் சோறு அதுக்கு இன்னாத்துக்கு?"

அண்ணன் மட்டும் சொன்னதல்ல இது. பௌர்ணமி வந்தால் அந்தப் பாதையில் நாயும் பூனையும் வீட்டுச் சோற்றைத் திரும்பிப் பார்க்காது. அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விடுதி மேனேஜருக்கோ வேறு கவலை.

"மெத்தை மேலயே மூத்திரம் போவுது. தண்ணி வைக்காத, தானா நின்னுடும்."

பொன்னி கிண்ணத்தை எடுத்து ஒளித்தாள். இரண்டாம் நாள் வெள்ளி, தரை துடைத்துக் காயப்போட்ட ஈரத்துணியைச் சப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மேனேஜர்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம். கிண்ணத்தை நிரப்பி வைத்தாள்.

அன்னதானப் பந்தல்களைப் பிரித்தார்கள். பாதையைக் கூட்டிவிட்டார்கள். நெத்திலியை மூக்கருகே காட்டினாலும் வெள்ளி முகத்தைத் திருப்பியது. அதன் வாயில் கெட்ட வாடை அடித்தது. பொன்னி நேரே சைக்கிள் கடைக்குப் போனாள்.

"பௌர்ணமி போயி பத்து நாளாச்சு. இன்னிக்கு எந்த அன்னதானத்துல துன்னுச்சு, சொல்லு."

ராஜமாணிக்கம் பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பூனையை மூடிய கூடையில் வைத்து, டவுனில் இருந்த மாட்டு டாக்டர் ராமகிருஷ்ணனிடம் போனார்கள்.

கம்பவுண்டர் கூடையைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "இது எவ்ளோ பால் கறக்குதும்மா?"

"நீ டாக்டரைக் கூப்புடுய்யா."

மூன்று மாடும் ஒரு ஆடும் போன பிறகுதான் டாக்டர் கூப்பிட்டார். வெள்ளியின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் அப்படியே நின்றது. தாகம் தொடங்கிய நாள், மதில் ஏறாமல் நின்ற நாள், சோறு விட்ட நாள் எல்லாவற்றையும் பொன்னி வரிசையாகச் சொன்னாள். தண்ணீரை நிறுத்திய இரண்டு நாளையும் மறைக்கவில்லை.

"மாடு வச்சிருக்கவங்ககூட இவ்ளோ சரியா சொல்ல மாட்டாங்க," என்றார் டாக்டர். "கிட்னி கெட்டுப்போச்சும்மா. குடிக்கிற தண்ணி உடம்புல நிக்கல. குணமாவாது. சலைன் ஏத்துனா கொஞ்ச நாள் நல்லா இருக்கும். தண்ணிய மட்டும் இனிமே நிறுத்தாதீங்க."

காத்திருந்தபோது ராஜமாணிக்கத்திடம் பூனையின் கதையைக் கேட்டு வைத்திருந்த கம்பவுண்டர் அதற்குள் ஒரு தாளோடு வந்தார். "ரொம்ப கிழடு. ஏத்தும்போதே எதுனா ஆனா நாங்க பொறுப்பில்ல. சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். வெள்ளைக்காரம்மா பூனைதானே இது? அவங்க எங்க?"

ராஜமாணிக்கம் பேனாவுக்குக் கை நீட்டினான். பொன்னி அவன் கையைத் தள்ளினாள்.

"எட்டு வருசமா சோறு போட்டது நான். பூனை என்துதான்."

கம்பவுண்டர் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். ரேஷன் கடை முதல் எல்லா இடத்திலும் அவள் கைநாட்டு வைத்தவள்தான். ஆனால் விடுதியில் சலவைக்குப் போகும் மூட்டைகளில் யார் யார் பெயரையோ பார்த்துப் பார்த்து எழுதி எழுத்துப் பழகியிருந்தாள். தன் பெயரை எழுதச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. டப்பாவை ஒதுக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்: பொன்னி. டாக்டர் ஊசியை எடுத்தார்.

அன்றைக்கு 1997 ஏப்ரல் 3, வியாழக்கிழமை.