மடிப்பக்காவின் குசும்பாச் சிவப்பு

அந்தத் தெருவில் கசங்கிய சட்டையோடு நடக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. முனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் மடிப்பக்காவின் கண்ணில் பட்டால் தொலைந்தோம். "கழட்டிக் குடுத்துட்டு ஓரமா நில்லுங்க" என்று கையை நீட்டிவிடுவாள். ஊரார் துணிக்கே இந்தப் பாடு என்றால் அவள் புடவையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? கத்தி மாதிரி நிற்கும் மடிப்பு. பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டு, தங்கையைக் கட்டிக்கொடுத்து, தனக்கென்று ஒன்றும் தேடாமல் ஐம்பதை நெருங்கிவிட்டவளுக்கு அந்த மடிப்புதான் கௌரவம்.

கடைக்குப் பின்னால் நல்ல வெயில் விழும் ஒரு துண்டு மண் இருந்தது. மாடி வீட்டுக்காரர் கிளிக்கூண்டைத் தட்டும்போதெல்லாம் தீனி அங்கேதான் கொட்டும். அதில் கிடந்த வெள்ளை விதைகள் ஒரு குளிர் காலத்தில் தாமாகவே முளைத்தன. அது குசும்பா என்று விதைக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பூ துணிக்குச் சாயம், விதை எண்ணெய்க்கு என்றார்கள். துணி என்று காதில் விழுந்த பிறகு விடுவாளா?

அந்த நேரம் பார்த்துக் குழாய் ரிப்பேருக்கு வந்து சேர்ந்தார் ஒரு பிளம்பர். தொழிலே தண்ணீர், மனசும் ஈரம். மண் காய்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு வாளி வாளியாக ஊற்றிவிட்டுப் போனார். குசும்பாவுக்கு அதுதான் எமன். வேர் அழுகி அத்தனையும் செத்தது.

"செடி உங்ககிட்ட தண்ணி கேட்டுச்சா?" என்று பிடித்துக்கொண்டாள் மடிப்பக்கா.

மறுவாரம் மனுஷர் ஒரு பொட்டலம் விதையோடு வந்து நின்றார். இருவருமாக ஒரு சாண் இடைவெளி விட்டு ஊன்றினார்கள். ஆணிவேர் ஆழத்துக்கு இறங்கும் செடி, பிடுங்கி நட்டால் பிடிக்காது. முதலில் கீரைபோல் தரையோடு தரையாகக் கிடந்தது, பிறகு குச்சியாக எழுந்து இலையெல்லாம் முள்ளாக நின்றது. தண்ணீர் ஊற்றக் கை பரபரத்தபோதெல்லாம் பிளம்பர் கையைக் கட்டிக்கொண்டார், பாவம்.

பூ மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவந்தது. விடியற்காலைப் பனியில் முள் கொஞ்சம் சாதுவாக இருக்கும், பறிப்பதானால் அப்போதுதான். விதை முற்றட்டும் என்று பூவின் தலையை விட்டுவிட்டு இதழை மட்டும் கிள்ளவேண்டும். அவரும் விடியும் முன்பே வந்துவிடுவார். அப்படியொரு காலையில், விரலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ஒரு சட்டையின் கையில் இரண்டு கோடு விழுந்தது, கடை வரலாற்றில் முதல் தடவை!

கல்யாணப் புடவைக்குத் தன் பூவின் சிவப்புதான் என்று முடிவு செய்தாள். "இந்த வயசுல சிவப்பாக்கா?" என்று இழுத்தாள் தங்கை. "சாயம் போடப்போறது பொடவைக்குடீ, வயசுக்கு இல்ல" என்று அவள் வாயை அடைத்தாள். இதழைக் குளிர்ந்த நீரில் பிசைந்து பிசைந்து மஞ்சளையெல்லாம் வெளியேற்றினாள். மிச்சத்தைச் சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றில் எலுமிச்சை விட்டதும் சிவப்பு எழும்பியது. வெள்ளைப் பருத்திப் புடவையை அதில் பலமுறை முக்கி எடுத்து நிழலில் உலர்த்தினாள். அடடா, அது என்ன சிவப்பு! புடவையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள். நல்லவேளை, புடவையோடு சாயத்தில் முக்கியெடுத்த ஒரு கந்தல் துணியில் முதலில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு செத்து, சேற்று நிறமாகிவிட்டது. இந்தச் சாயத்துக்குச் சூடு ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புடவையோ பிழிந்த பிழியில் சுருங்கிக் கிடந்தது. மெத்தைக்கடியில் வைத்துப் படுத்தாள். தூக்கம் வராமல் புரண்டதில் புதுச் சுருக்கங்கள்தான் மிச்சம்.

"வேற பொடவை கட்டிக்கோக்கா. தெருவே வருது. இஸ்திரிக்காரியே இப்படி வந்தா சிரிக்க மாட்டாங்களா?" என்றாள் தங்கை.

மடிப்பக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் காப்பாற்றிய பெயர் ஒரு பக்கம், ஆசைப்பட்டு வளர்த்த சிவப்பு ஒரு பக்கம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சிரிக்கட்டும். நான் இதத்தான் கட்டுவேன்."

பதிவு அலுவலகத்தில் தெருவே கூடியிருந்தது, எல்லாரும் அவள் கையால் தேய்த்த துணியில், விறைப்பாக. அவள் உள்ளே வந்ததும் எல்லார் கண்ணும் புடவையில் விழுந்தது. ஓரிருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிளம்பர் மட்டும் சுவரோரமாக, முழங்கையைக்கூட மடக்காமல், கம்பம்போல் நின்றிருந்தார்.

"இவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"காலையிலேருந்து இப்படித்தான் நிக்கிறாராம். பஸ்லகூட ஒக்காரலையாம்" என்றாள் தங்கை.

அவர் கண் அவள் முகத்தில் தொடங்கி, சிவப்பில் மயங்கி, ஒவ்வொரு சுருக்கமாக இறங்கி வந்தது.

"ரொம்ப அழகா இருக்கீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க தேச்சுக் குடுத்த சட்டை. கசங்கிடுச்சுன்னா என்ன நெனப்பீங்களோன்னு இருந்தேன். நான் இனிமே ஒக்காரலாமா?"

"ஒக்காருங்க" என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டு.