இரண்டரை மணிக்கு ஓடிய ஏசி

அக்காவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மாடியறையைச் சாத்திவைத்தோம். பதுளை டவுனுக்கு மேலே, சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. மாடிக்குத் தகரக் கூரை. கடைசி ஏழு மாதம் அக்கா அந்த அறையில்தான் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து உடம்பெல்லாம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்காகத்தான் ஏசி பூட்டினோம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். “குளிர நாமளே வீட்டுக்குள்ள கூப்பிடுறோமேடா” என்றாள் அக்கா.

நான் பள்ளிக்கூட ஆசிரியர். மனைவிக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை. எனக்கு மேலதிக வகுப்பு, அவளுக்கு அலுவலகம். இருவரும் வீடு திரும்ப நாலு மணியாகும். அக்காவைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வருவார். காலையில் வந்து குளிப்பாட்டி, சோறு கொடுத்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் திரும்புவார். அந்த பஸ்ஸை விட்டால் அவருக்கு அடுத்தது மாலையில்தான்.

அக்கா போனது ஒரு வியாழக்கிழமை. நாலு மணிக்கு நான்தான் முதலில் மேலே போனேன். போர்வைக்கு வெளியே கிடந்த கையைத் தொட்டேன். ஆற்றுக்கல்லைப் போலச் சில்லென்றிருந்தது. ஏசி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கூரைச் சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அறையில் அவள் மட்டும் அப்படிக் குளிர்ந்து கிடந்தாள்.

“ரெண்டு மணிக்கு நான் கிளம்புறப்போ பேசிக்கிட்டுத்தான் சேர் இருந்தாங்க” என்று அந்தப் பெண் மறுநாள் வந்து அழுதார். இரண்டு மணி நேரத்தில் ஓர் உடம்பு அவ்வளவு ஆறுமா? நான் நம்பவில்லை. காலையிலேயே அக்காவைத் தனியே விட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. காரியத்துக்கு வந்தவரிடம் முகம் கொடுக்கவுமில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் அவர் போய்விட்டார்.

பிறகு பள்ளி விடுமுறை வந்தது. மனைவியும் லீவு போட்டிருந்தாள். முதல் நாள் மதியம் கீழே உட்கார்ந்து பழைய துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மேலே ‘பீப்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால், யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் இரண்டு தரம் கேட்டது.

மனைவி கையிலிருந்த துணியை மடியில் வைத்தாள். “மதினி முழிக்கிற நேரங்க இது” என்றாள். கடிகாரத்தில் இரண்டரை.

மேலே போய்க் கதவைத் திறந்தோம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அறை முழுக்க நீலகிரித் தைல வாசனை. அக்கா தேய்த்துக்கொண்ட தைலம். கட்டிலில் தலையணை, அதன்மேல் ரிமோட், எல்லாம் வைத்தபடியே. நான் ரிமோட்டை எடுத்து ஏசியை நிறுத்திவிட்டு, திரும்பத் தலையணையிலேயே வைத்தேன். கரண்ட் கூடிக் குறைந்திருக்கும் என்றேன். அவள் எனக்கு முன்னாலேயே கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாளும் இரண்டரைக்கு அதே ‘பீப்’. அதே செருமல்.

பண்டாரவளையில் ஏசி திருத்துகிற ஒருவருக்கு போன் போட்டேன். “போர்டு போயிருக்கும். நான் வர ரெண்டு கிழமையாகும்” என்றார். இரண்டு வாரம் மனைவி தாங்கமாட்டாள் என்று தெரிந்தது. மாடிப்படி இருக்கும் பக்கமே வராமல், அடுப்படி வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். மூன்றாம் நாள் காலையில், மெயின் பலகையில் ஏசிக்கான சுவிட்சை அணைத்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, முன்மூடியைத் தூக்கினேன். தூசி பிடிக்கும் இரண்டு வலைகள். வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சாம்பல்நிறத் தூசி போர்வைபோல் படிந்திருந்தது. தைல வாசனை அதில் ஊறிக் கிடந்தது. அந்தத் தூசிக்குள் சுருண்டு ஒரு நீள முடி, பாதி நரைத்தது.

குழாயடியில் வலையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவிதான் அதை அடையாளம் கண்டாள். “மதினியோடது” என்றாள். ஏசி பூட்டும்போது அக்கா தலையில் ஒரு முடி இல்லை. எல்லாம் அதற்கு முன்பே கொட்டியிருந்தது. பழைய தலையணையில் ஒட்டியிருந்து பறந்திருக்கலாம். அப்படித்தான் அவளிடம் சொன்னேன். முடியை அவள் தண்ணீரில் போகவிடவில்லை. விரலில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

அடுத்து, தண்ணீர் வடியும் குழாய். அது சுவரைத் துளைத்து வெளியே சரிவைப் பார்த்து இறங்குகிறது. முனையில் குளவி மண்கூடு கட்டிப் பாதியை அடைத்திருந்தது. உள்ளே பாசி. கம்பியால் குத்தி, சைக்கிள் பம்பால் ஊதினேன். கறுப்பாகக் கொழகொழவென்று வந்து விழுந்தது. ஏசி ஓடத் தொடங்கும்போது உள்ளே இழுபடும் காற்று இந்தக் குழாய்க்குள் புகுந்து, தேங்கிய தண்ணீரைக் குமிழியிட வைத்திருக்கிறது. செருமல் அதுதான். சுவிட்சைத் திரும்பப் போட்டு, கீழே வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் முதல்முறையாக நன்றாக மூச்சுவிட்டாள்.

அன்று இரண்டரைக்குச் செருமல் இல்லை. ஆனால் ‘பீப்’ கேட்டது. ஏசி ஓடியது.

நாலாம் நாள், இரண்டேகாலுக்கே நாற்காலியோடு அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். மனைவி வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. தகரம் சூட்டில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பஸ் மூச்சுவாங்கி ஏறியது. நான் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, கட்டில்ல பாருங்க” என்றாள் மெதுவாக.

தலையணைமேல் கிடந்த ரிமோட்டின் சின்னத் திரையில், யாரும் தொடாமலே ஓர் அடையாளம் மின்னி மறைந்தது. அதே கணம் ஏசி ‘பீப்’ என்றது. அதன் உதடு மெல்லத் திறந்தது. குளிர்காற்று நேராக அந்தக் கட்டிலில் இறங்கி, தலையணை உறையின் ஓரத்தை அசைத்தது. யாரோ படுத்திருக்கிறவருக்கு விசிறுவதுபோல.

ரிமோட்டை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பொத்தான்களை அழுத்திப் பார்த்தேன். நேரம் குறித்து வைத்திருந்தது. இரண்டரைக்கு ஓடு, மூன்றரைக்கு நில். சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும். இந்த வகை ஏசியில் நேரம் ரிமோட்டில்தான் நிற்கும். அது ஏசியைப் பார்த்துக் கிடந்தால் தானாகவே கட்டளை அனுப்பும். நாங்கள் நாலு மணிக்கு வரும்போது எல்லாம் அடங்கிப்போயிருக்கும். சாவு வீட்டுச் சந்தடியில் யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். அக்கா போன பிறகும் ஒரு நாள் தவறாமல் இது வந்திருக்கிறது. சாத்திய அறையில், வெறும் கட்டிலுக்கு, ஒரு மணி நேரம் குளிர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

“நான் தொடவேயில்லங்க” என்றாள் மனைவி. நானும் தொடவில்லை. அக்காவுக்கு அந்த இங்கிலிஷ் எழுத்து ஒன்றும் வாசிக்கத் தெரியாது.

பாட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது உறைத்தது. அக்கா போன வியாழக்கிழமையும் இது ஓடியிருக்கிறது. இரண்டரையிலிருந்து மூன்றரைவரை அந்தக் காற்று அவள் கையில் நேராக விழுந்திருக்கிறது.

அந்தப் பெண் அதற்குள் மொனராகலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அன்று சாயந்திரமே அவருக்குப் போன் எடுத்தேன். முன்பு எட்டு வருஷம் குவைத்தில் வீட்டுவேலை செய்து, ஏசியெல்லாம் பழகியவர் அவர்.

“ஏசிக்கு நேரம் வச்சது நீங்களா?”

“ஆமாங்க சேர். நான்தான். அக்கா கேட்டாங்க.” கொஞ்சம் தயங்கினார். “பொத்தான அமுத்துனா நீங்களே போட்டுக்கலாமேன்னு சொன்னேன். அது வேணாம்னாங்க. நீ போனதும் வீடு ஒரே அமைதியாப் போயிருது, அதுவா வந்து ஓடுனா யாரோ உள்ள வந்த மாதிரி இருக்கும்னாங்க. தம்பிகிட்ட சொல்லாத, வகுப்ப விட்டுட்டு ஓடி வந்துருவான்னாங்க.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

“சேர், இருக்கீங்களா?”

“இருக்கேன். உங்க மேல தப்பா நெனச்சிட்டேன். அக்கா கை அவ்வளவு குளிர்ந்து இருந்திச்சு. நீங்க காலையிலயே போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“தெரியுங்க சேர். காரியத்தன்னைக்கே தெரிஞ்சிது.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே.”

“என்னத்தக் கேக்க? அக்காவ இழந்துட்டு நிக்கிறீங்க. உங்ககூட நான் சண்டையா போட?” என்றார். கோபமாக இல்லை. களைத்த குரல்.

மன்னிப்புக் கேட்டேன். இதற்கு முன் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து அவர் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். என் மனைவி அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். அவர் கட்டிலில் உட்காரவில்லை. ஜன்னலைத் திறந்து, திரையை ஒரு பக்கம் தள்ளி, வேலைக்கு வந்தவர்போல் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு அந்த விரிப்பின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். மனைவி அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கீழே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டேன்.