யானைக்கு அடியில் கேட்டது

அந்தப் புகைப்படம் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. யானையின் கால்களுக்கு நடுவே ரெட்டைப் பின்னலோடு என் தங்கை. இந்தப் பக்கம் கையை நீட்டியபடி பத்து வயது நான். அந்தப் பக்கம் அம்மாவின் முந்தானை மட்டும் படத்தில் விழுந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் நல்ல படம் என்பார்கள். நான் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை. எண்பதுகளின் கடைசி அது. தங்கைக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, உடனே காது கேளாதோர் பள்ளியில் சேருங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அயனம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த அம்மா அதற்கு மசியவில்லை. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது ஏரிக்கரையில் எதையோ பார்த்துப் பயந்தவள், அந்தப் பயம்தான் தொண்டையை அடைக்கிறது, யானையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை நுழைந்து வந்தால் தெளிந்துவிடும் என்பது அவள் கட்சி. மாங்காட்டுப் பக்கம் வந்த யானைக்கு அடியில் நுழைத்துப் பார்த்தும் பலனில்லை. ஊர் சுற்றுகிற யானைக்குப் பலிக்காது, காட்டு யானையாக இருக்க வேண்டும் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். குவார்ட்டர்ஸ்காரர்கள் பஸ் பிடித்து யானைகள் சரணாலயத்துக்குக் கிளம்பியபோது அம்மாதான் முதலில் பெயர் கொடுத்தாள். மற்றவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்தாள்.

அங்கே காட்டில் பிடித்துப் பழக்கிய யானையின் பாகன் முடியாது என்றார். அம்மா எல்லோர் முன்னாலும் அவர் காலில் விழுந்தாள். அவர் யானையைத் தட்டிக்கொடுத்து நிறுத்திவிட்டு, சீக்கிரம் என்று தலையாட்டினார். இந்தப் பக்கமிருந்து நான் அனுப்ப, அந்தப் பக்கம் அம்மா வாங்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை தங்கை நடுவிலேயே நின்றுவிட்டாள். யானையின் காலில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு அசையவில்லை. அப்போது அடியிலிருந்து தாழ்வாக ஓர் ஓசை வந்தது.

"அம்மான்னு கூப்ட்டா," என்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ கிட்டக்க நின்னுகினு இருந்தியே. சொன்னாளா?"

தங்கையின் உதடு அசையவில்லை. எனக்கு அது தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"சொன்னாப்பா."

அடுத்த சொல்லுக்காக அம்மா ஏழு வருடம் காத்திருந்தாள். பேசுகிற பெண்ணை எதற்கு அந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டரிடமே சண்டை போட்டாள். கடைசியில் பன்னிரண்டு வயதில், சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தங்கை அரிச்சுவடி பிடித்தாள். வாசலில் நின்று அதைப் பார்த்தபோது செத்துவிடலாம் போலிருந்தது. அவளுடைய ஏழு வருடத்தைத் தின்றவள் நான். அன்றும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் வேப்பம்பட்டிலிருந்து வந்திருந்த தங்கையிடம் அந்தப் படத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, மெல்ல அதிரச் செய்து, படத்திலிருந்த யானையைக் காட்டிச் சிரித்தாள். அம்மா காதில் 'அம்மா' என்று விழுந்த யானையின் உறுமலை அவள் கையால் கேட்டிருக்கிறாள்.

கூடத்தில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு வாட்டி பேசுனா. இன்னொரு வாட்டியும் பேசுவா. வேணும்னா பெரியவளைக் கேளு."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையாட்டினேன்.

என்ன என்று தங்கை கையால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு, படத்தை வாங்கி பீரோவில் வைத்தேன்.