கரண்ட் இல்லாமல் ஓடிய மோட்டார்

பார்மசி படித்துவிட்டு அரசு வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நானே வேலைக்கு வந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. ஆனாலும் கல்லூரியில் சொல்லித்தராத ஒன்றிரண்டை இங்கே கற்றுக்கொண்டேன். முதல் பாடம் இது: கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்குத் தட்டுப்பாடு என்பதே வராது.

1. சேர்ந்த நாள்

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த மருந்தாளுநராகச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டாசு கம்பெனி என்று சொன்னால் போதும். என் அப்பா அம்மா இருவரும் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அம்மா சொன்னார், "கைல பவுடர் ஒட்டாத வேலைலே. சூதானமாப் பாத்துக்க."

கொரோனா இரண்டாவது அலை அடங்கியிருந்த நேரம். வாசலில் பெரிய போர்டு. "இங்கு அனைத்து மருந்துகளும் இலவசம். வெளியில் வாங்கச் சொன்னால் கீழ்க்கண்ட எண்ணில் புகார் செய்யவும்." எண்ணின் பாதியை "முகக்கவசம் அணிவீர்" என்ற ஃபிளக்ஸ் மறைத்திருந்தது. ஆஸ்பத்திரியே எண்ணுக்கு முகக்கவசம் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

உள்ளே டாக்டரம்மா. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வெளிக்கடையில மருந்து வாங்கச் சொல்லி வெளிச்சீட்டு எழுதக் கூடாதுன்னு ஆர்டர். அதனால நான் எழுதறதில்ல. நீங்களும் பாத்ததில்ல. சரியா?"

சரி என்றேன். அன்றைக்கே பார்க்கவும் செய்தேன். சிவகாசியில் பிரஸ்காரர்கள் கழித்துக்கட்டும் காலண்டர் தாள்கள் எங்கும் கிடைக்கும். கலர் விலகி, சாமிக்கு நான்கு கண் தெரியும் தாள்கள். அவற்றைக் கிழித்து வைத்திருப்பார் டாக்டரம்மா. முன்பக்கம் முருகன், பின்பக்கம் மருந்தின் பெயர். கையெழுத்து கிடையாது, சீல் கிடையாது. மெடிக்கல் ஷாப்காரருக்கு அந்த எழுத்து பழக்கம். இப்படியாக எங்கள் நிலையத்தில் வெளிச்சீட்டு எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம். மாதாமாதம் அந்தப் பூஜ்யத்தை மேலே அனுப்புவோம். அவர்களும் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

2. ஃபார்மேட்டில் இல்லாத இருமல்

பேச்சியம்மாள் திரி கட்டும் வேலைக்குப் போகிறவர். மகள் முத்துமாரி இரண்டாம் வகுப்பு. அவர்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கொரோனா வந்தபோது இவளுக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது. யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது ஒன்றும் செய்யாது என்று டிவியில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். பிறகு பள்ளிக்கூடம் மூடிக்கிடக்க, வீட்டில் அம்மா பேப்பர் குழாய் சுருட்டும் இடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு அடிக்கடி இளைப்பு. இவளைப் போல இன்னும் பல பிள்ளைகள் வந்துபோனார்கள்.

"இது கொரோனா விட்டுட்டுப் போனதா, வீட்ல பறக்குற தூசியா, இல்ல ரெண்டும் சேந்ததா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"பாத்தாத்தான் தெரியும். பாக்கச் சொல்லி ஆர்டர் வரல."

அவர் சும்மா இருந்துவிடவில்லை. இந்தப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று மேலே போன் செய்து கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பதில் எனக்கும் கேட்டது. "ஃபார்மேட்ல அப்படி ஒரு கட்டமே இல்லையேம்மா. மத்த ஊர்ல யாரும் கேக்கல. உங்க ஊர்ல மட்டும் ஏன் பிள்ளைக இருமுது?"

முத்துமாரிக்கு வேண்டியது இன்ஹேலர். தினமும் போட ஒன்று, திணறும்போது போட ஒன்று. எங்களிடம் இருந்தது சிரப். வெளியில் வாங்கினால் அம்மாவின் கூலியில் பல நாள் போய்விடும். அதனால் பேச்சியம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் போட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். ஒருநாள் மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்க்கா, தினமும் போடணும்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்?"

"சொன்னீக கம்பவுண்டர் தம்பி. வாய்லதானே சொன்னீக? சொல்லுக்கு வெல இல்ல. இந்த டப்பாவுக்கு வெல போட்டிருக்கான்ல."

நெபுலைசர் வைத்தோம். பிள்ளை புகைக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்றே இன்ஹேலர் கேட்டு ஆன்லைனில் இன்டென்ட் போட்டேன். திரும்பி வந்தது. போன வருடம் எத்தனை செலவானதோ அதை வைத்துத்தான் இந்த வருடம் தருவார்களாம். போன வருடச் செலவு பூஜ்யம். போன வருடம் மருந்தே வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை.

3. ஆய்வு

மாவட்டத்திலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பெருந்தொற்றுக்குப் பின் குழந்தைகள் நலம் பற்றிய ஆய்வு என்று வேறு சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதிகாரிக்கு விஷயம் தெரியாததால்தான் மருந்து வரவில்லை என்று நான் அப்போது உண்மையாகவே நம்பினேன். வீடு வீடாகப் போய், இளைப்பு இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் நேரிலேயே சொல்லுங்கள் என்றேன். கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். வராந்தா பெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று ஏரியாவில் பராமரிப்பு வேலை; காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டே காத்திருந்தார்கள்.

ரோட்டில் ஜீப் திரும்பியது. யாரோ ஒருவர், "ஏ, ஆபீசர் வண்டி!" என்றார்.

கண் மூடித் திறப்பதற்குள் வராந்தாவில் ஒரு ஜீவன் இல்லை. செருப்புகள்கூட இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். பட்டாசு கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். சீசன் நேரத்தில், ஆர்டர் குவியும்போது, சில கம்பெனிகளில் அந்த நாலு பேருக்கு நடுவே இன்னும் ஆட்கள் முளைத்திருப்பார்கள். ஆபீசர் வண்டி தெரிந்தால் ஃபோர்மேன் விசில் ஊதுவார். கூடுதல் ஆட்கள் பின்பக்கமாக ஓடிக் கருவேலங்காட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். செருப்பையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதுதான் தொழில் சுத்தம். அகப்பட்டால் மறுநாள் வேலை இல்லை. வருடக்கணக்கில் பழகிய கால்கள் ஆஸ்பத்திரி, கம்பெனி என்று வித்தியாசம் பார்க்குமா? நான் இதை யோசித்திருக்க வேண்டும். கம்பெனிக்குப் போகிறவர்களின் மகன்தானே நான்.

அதிகாரி இறங்கி வந்தார். கூடவே ஃபைலைச் சுமந்துகொண்டு ஓர் உதவியாளர். காலியான வராந்தாவைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"என்ன டாக்டர், ஓ.பி. காலியா இருக்கு? பரவாயில்லையே, ஊரே ஆரோக்கியமா இருக்கு போல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மருந்து ரூமின் பின்ஜன்னலைப் பார்த்தேன். அங்கே பம்ப் ரூம் சுவரோரம் அத்தனை பேரும் குத்தவைத்திருந்தார்கள். முத்துமாரிக்கு இருமல் கிளம்பியிருந்தது. பக்கத்திலிருந்த பேச்சியம்மாளின் மதினி குருவம்மாள் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கருவேலங்காட்டில் யாருக்கு இருமல் வந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். விரல்களைத் தாண்டி இழுப்புச் சத்தம் வந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் அதிகாரி.

உதவியாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மோட்டார் சார். பின்னாடி போர்வெல் இருக்கு."

"பழைய மோட்டாரா இருக்கும். சர்வீஸ் பண்ணச் சொல்லிக் குறிச்சுக்கங்க." ஃபைலால் விசிறிக்கொண்டே சொன்னார்.

ஜன்னல் வழியாக அது பேச்சியம்மாளுக்குக் கேட்டிருக்க வேண்டும். மெல்லத்தான் பேசினார். ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கைய எடு மதினி. இங்கன நம்மள வேலைய விட்டு நிறுத்த யாரு இருக்கா?"

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்பக்கமாக வந்து நின்றார்.

"கும்பிடுறேன்யா. மோட்டாருன்னீகளே, அது எம் மகதான். கரண்டு காலைலயே போயிருச்சு. இது கரண்டு இல்லாமலே ராவும் பகலும் ஓடும்."

அதிகாரி தலைக்கு மேலே ஃபேனைப் பார்த்தார். அது அசையாமல் இருந்தது. கையிலிருந்த ஃபைலும் அசைவதை நிறுத்தியது.

"வெளிய மருந்து வாங்கச் சொல்றாங்களாம்மா?"

"சீச்சீ, அதெல்லாம் இல்லய்யா. போர்டே வச்சிருக்காகள்ல."

"அப்ப இது என்ன?" பேச்சியம்மாள் கையிலிருந்த இன்ஹேலரோடு ஒரு காலண்டர் தாளும் இருந்தது. அதிகாரி அதை வாங்கித் திருப்பினார். நான்கு கண்களோடு லட்சுமி. "யார் எழுதினது?"

டாக்டரம்மாவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

"படத்துல இருக்காகளே, அந்த அம்மாதான்யா எழுதுனாக. நீங்க குடுக்கலைன்னா பிறகு சாமிதானே குடுக்கணும்?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் இன்டென்ட் போடல?"

"போட்டேன் சார். போன வருஷச் செலவு பூஜ்யம்னு திரும்பிருச்சு."

"ஏன் பூஜ்யம்?"

"மருந்து வரல சார்."

"ஏன் வரல?"

"செலவு பூஜ்யம் சார்."

பேச்சியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல சங்குசக்கரம்யா இது. கிறுகிறுன்னு சுத்துது, பொறியும் பறக்குது. எடத்த விட்டு மட்டும் நகர மாட்டேங்கு."

பம்ப் ரூம் பக்கமிருந்து சிரிப்பு கேட்டது. அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர், கக்கூஸ் சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவர் என்று பிள்ளைகளோடு எழுந்து வந்தார்கள். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இருமலோடு வந்து உட்கார, பெஞ்சு மறுபடி நிறைந்தது. ஆரோக்கியமான ஊர் அதிகாரியின் கண் முன்னே காணாமல் போனது.

"லோக்கல் பர்சேஸ்ல இங்க உள்ள கடையிலயே வாங்கிக்கங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

4. ஆய்வின் பலன்

முதலில் வந்தது மோட்டார் மெக்கானிக். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மாட்டிவிட்டுப் போனார். சொன்னதை உடனே செய்கிற துறை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்து எனக்கு மெமோ. ஆய்வு நாளில் நிலைய வளாகத்தில் தேவையற்ற கூட்டம் கூட்டியது ஏன்? "ஐயா, அவர்கள் நோயாளிகள். இது ஆஸ்பத்திரி" என்று பதில் எழுதினேன். டாக்டரம்மா படித்துவிட்டு, "ரெண்டாவது வரி தேவையா?" என்றார். பிறகு அவரே, "இருக்கட்டும்" என்று சீல் வைத்தார்.

கடைசியாக இன்ஹேலர் வந்தது. சின்னப் பிள்ளைகள் அதை இழுக்க, மருந்துப் புகையைப் பிடித்து வைக்கும் ஸ்பேசர் வேண்டும். அது வரவில்லை. தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு இன்ஹேலரைச் செருகி, வாய்ப்பக்கம் வழியாக இழுக்கச் சொல்லிக்கொடுத்தோம். முத்துமாரி தினமும் இழுத்தாள். தினமும் பள்ளிக்கூடம் போனாள்.

சில மாதம்தான். பெட்டி காலியானது. இந்த முறை செலவுக் கணக்கு இருக்கிறதே என்று தைரியமாக இன்டென்ட் போட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. பேச்சியம்மாள் மறுபடி ஒருநாள் விட்டு ஒருநாள் கணக்கை ஆரம்பித்தார். அந்தச் சமயம் பார்த்து அடுத்த ஆய்வு வந்தது.

இந்த முறை நான் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களே வந்துவிட்டார்கள். வராந்தா வாசலில் பேச்சியம்மாள் நின்றுகொண்டார். "ஏ, இன்னைக்கு ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சீக, எனக்குக் கெட்ட கோவம் வந்துரும்."

ஜீப் ரோட்டில் திரும்பியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இருமின. வாசல் அருகே ஜீப் மெதுவானது. முன்சீட்டிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பெஞ்சைப் பார்த்தது. பேச்சியம்மாளைப் பார்த்தது. பிறகு ஜீப் வேகமெடுத்து, நிற்காமல் நேராக ஆமத்தூர்ப் பக்கம் போய்விட்டது.

பேச்சியம்மாள் வாசலில் இறங்கி ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"பாத்தீகளா தம்பி," என்றார் பேச்சியம்மாள். "விசில் ஊதாமலே ஓடுறாக!"

சாயங்காலத்துக்குள் எனக்குப் போன் வந்தது. அந்த உதவியாளர்தான். "எத்தன இன்ஹேலர் வேணும்னு சொல்லுங்க. அந்தப் பொம்பளைங்களை மொதல்ல வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

எண்ணிக்கையைச் சொன்னேன். ஸ்பேசரும் சேர்த்துக் கேட்டேன். "மருந்து வந்ததும் போவாங்க சார்" என்றேன். மறுநாளே பெட்டி வந்து இறங்கியது. முதல் டப்பாவை முத்துமாரியே பிரித்தாள்.

பிள்ளைகளுக்கு அந்த இளைப்பு எதனால் வந்தது என்று இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. அந்த ஃபார்மேட்டில் அதற்கான கட்டம் இன்னும் சேரவில்லை. டாக்டரம்மா இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

நான் கற்றது இதுதான். இன்டென்ட்டைத் தவறாமல் போடுங்கள். அது நம் கடமை. ஆனால் அதைப் படிக்க மேலே ஆள் இருக்கிறார் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வராந்தாவில் கூட்டம் சேர்ந்தால் ஆய்வு நாளென்று அவர்களை நகரச் சொல்லாதீர்கள். முடிந்தால் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போடுங்கள். நாங்கள் போட்டுவிட்டோம். லோக்கல் பர்சேஸ்தான்.