மெக்கானிக் தமிழ்

மஸ்கட்டில் நாங்கள் இருந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் கருவாட்டுக் குழம்பு வாசமும் கிரீஸ் வாசமும் சேர்ந்துதான் அடிக்கும். குழம்பு வைப்பவர் அப்பா. சாப்பிட வருகிறவர்கள் அவரோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மேலூர், வாடிப்பட்டிக்காரர்கள். நர்ஸான அம்மாவுக்குப் பெரும்பாலும் வார லீவான அன்றைக்கும் டியூட்டி இருக்கும். அம்மா கேரளத்துக்காரர் என்பதால் அவரோடு மலையாளம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று போக, எனக்குத் தமிழ் கொடுத்தவர் அப்பா ஒருவர்தான். "வீட்டுக்குள்ள தமிழ்ல பேசு, இல்லேன்னா ஊர்ல போயி ஊமையா நிப்ப" என்பார்.

அப்படி நான் கற்ற தமிழில் பெண்களே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் "வாங்கண்ணே", சீண்டுவதற்கு "மாப்ள", கோபம் வந்தால் "யோவ்" என்று அந்த மெக்கானிக்குகள் எப்படிப் பேசினார்களோ அப்படியே பத்து வயதுப் பெண்ணான நானும் பேசினேன். அவர்களும் "எம்புட்டுத் தெளிவாப் பேசுது பாரு" என்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்த வருட லீவில் வாடிப்பட்டியில் அத்தை மகனுக்குக் காதுகுத்து. என்னைப் பட்டுப்பாவாடையும் சந்தனக் கிண்ணமுமாக மண்டப வாசலில் நிறுத்தி, வருகிறவர்களை வரவேற்கச் சொன்னார்கள். அத்தையின் மாமனார் கொஞ்சம் தாமதமாக, பெரிய மீசையும் மல்வேட்டியுமாக வந்தார். அப்பா தன் கூட்டாளிகளை வாசலில் கூப்பிடுகிற அதே பாணியில் நான் உற்சாகமாகச் சொன்னேன்: "வா மாப்ள, இம்புட்டு லேட்டா வந்தா எப்படி? கறி தீந்துபோச்சுன்னா எங்கிட்டக் கேக்கக் கூடாது."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பொம்பளப்பிள்ள பேசுற பேச்சாய்யா இது?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நாந்தான் மாமா பழக்குனேன்" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் அத்தை பிள்ளைகளுக்கு நான் "மெக்கானிக்" ஆகிவிட்டேன். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. அங்கே மூடிய வாயை மஸ்கட் திரும்பிய பிறகும் நான் திறக்கவில்லை. அப்பா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் கூட்டாளிகள் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். "ஏம்மா, இந்த வீட்டுல தமிழ் பேச எனக்குன்னு வேற ஆரு இருக்கா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். அதற்கும் இங்கிலீஷில்தான் ஏதோ சொன்னேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அப்பா என்னையும் இழுத்து உட்காரவைக்க, எல்லோரும் கேரம் ஆடினோம். நான் ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து அப்பா சிவப்புக் காயை விரலால் குழிக்குள் தள்ளிவிட்டு, ஒன்றுமறியாதவர் போல உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷில் சண்டை போட்டுப் பார்த்தேன், அவருக்கு உறைக்கவில்லை. காயை எடுத்து வைத்தேன், மறுபடியும் தள்ளினார். "யோவ் மாப்ள, அழுகுணி ஆட்டம் ஆடாதய்யா, கைய எடு!" என்று கத்திவிட்டேன்.

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் கல்யாணமாகி நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் வாடிப்பட்டிக்கே வந்துவிட்டார்கள். மாமியார், பக்கத்து வீட்டு அக்காக்கள், காய்க்காரம்மா என்று பெண்களோடு பேசிப் பேசி என் தமிழ் ஊரோடு ஒட்டிக்கொண்டது. யாருக்கும் அது உறுத்துவதில்லை. "யோவ்" எப்போது உதிர்ந்தது என்று எனக்கே தெரியாது.

போன வாரம் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பாடு, மாத்திரை, தூக்கம் என்று நான் விசாரிக்க விசாரிக்கப் பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், சட்டென்று, "இங்க எல்லாரும் நல்லாத்தாம்மா தமிழ் பேசுறாங்க. அங்க எங்கூடப் பேசுன புள்ளையத்தான் காணோம்" என்றார்.

அந்த மெக்கானிக் தமிழில் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "நேரத்துக்குச் சாப்பிடுங்கப்பா" என்றுதான் வந்தது.