இறங்குகிற விலையையும் நம்பாதவர்

வேதியியல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பள்ளிப் பக்கமே வராத அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். எப்போதும் கடுகடுவென்று இருக்கும் ஆசிரியை என் தோளைத் தொட்டு, "மீதியை அப்புறம் எழுதிக்கலாம்மா" என்றார். அந்தக் கனிவுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்பா என்னை வண்டியில் ஏற்றினார். பிறகு, "சித்தப்பா போயிட்டான் சாமி" என்றார்.

நம் ஊர் நெருப்பெரிச்சலில் மிஷின் கதிர்வேலைத் தெரியாதவர்கள் உங்களில் இருக்க முடியாது. பழைய பின்னல் இயந்திரங்களை வாங்கி, சரிசெய்து விற்றவர். என் அப்பாவின் தம்பி. அவர் ஏதோ ஒரு பங்கில் பணத்தைப் போட்டார், விலை சரிந்தது, அந்த அதிர்ச்சியில் நெஞ்சு நின்றது என்று இப்போது ஊரில் ஒரு கதை சுற்றுகிறது. இழவு வீட்டிலேயே அதை வேறு வேறு ஆட்கள் சொல்லக் கேட்டேன். ஒவ்வொருவர் வாயிலும் பங்கின் பெயர் மாறியது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒரு விடுமுறையில் குன்னத்தூருக்கு இயந்திரம் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். நாங்கள் போகும்போதே அது ஓடிக்கொண்டிருந்தது. "பட்டாட்ட ஓடுது பாருங்க" என்றார் உரிமையாளர். சித்தப்பா துணியைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஏனுங்க, காலைல இருந்தே ஓட்டறீங்களாட்ட இருக்குது?"

"சும்மா, எண்ணெய் எறங்கட்டும்னுங்க."

"அப்ப நிறுத்துங்க. ஆறட்டும். அதுவரைக்கும் உங்க ஊட்டுச் சாப்பாட்டையும் ஒரு கை பாக்கறோம்."

உண்மையாகவே உட்கார்ந்து சாப்பிட்டார். மோர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். ஆறிய இயந்திரத்தை ஓட்டியபோது அதன் வயிற்றிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. உரிமையாளர் தலையைச் சொறிந்தார். சித்தப்பா கோபப்படவில்லை, விலையைக் குறைத்து வாங்கினார். திரும்பும் வழியில், "நல்லா ஓடறப்பக் காட்டறது அவரு தொழிலு. ஆறினாப்பல எப்படின்னு கேக்கறது நம்ம தொழிலு" என்றார்.

அந்தப் பங்கைத் தானும் வாங்கி, சித்தப்பாவிடம் முதலில் சொன்னவர் துரைசாமி மாமா. சித்தியின் அண்ணன், நூல் ஏஜென்ட். கணினிச் சில்லுகள் செய்யும் ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி அது. விலை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. பேக்கரியில் எல்லோர் முன்னாலும் மாமா சொன்னார்: "இறங்கறப்ப எடுத்துப் போட்டுடோணும் மாப்ள. நூலாட்டத்தான்."

"நூலு ஏறலீன்னா பனியனா ஓட்டிப்போடலாம் மச்சான். இதைய எந்த மிஷின்ல ஓட்டறது?"

பேக்கரியே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

ஆனாலும் 'மிஷின் கம்பெனி' என்ற சொல் சித்தப்பாவை விடவில்லை. "மிஷின் விக்கறவனா? அப்ப என்ற பங்காளியாச்சே" என்றார். கம்பெனியின் ஆண்டறிக்கையை இணையத்திலிருந்து இறக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இயந்திரக் குடோனில் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். படிப்பதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"சிரிச்ச மூஞ்சி போட்ட பக்கத்தையெல்லாம் தள்ளு கண்ணு. பயந்து எழுதியிருக்கற பக்கம் எங்க இருக்குது?"

இருந்தது. நாலைந்து பெரிய ஆலைகள்தான் பெரும்பாலும் வாங்குகின்றன, அவை ஆர்டரைத் தள்ளிப்போடலாம், அரசாங்கம் ஏற்றுமதியைத் தடுக்கலாம் என்றெல்லாம் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். "நாலு ஊட்டுக்கு மட்டும் பால் ஊத்தறவன் கதை" என்றார். பிறகு நம் ஊரையே உதாரணம் காட்டினார். ஆர்டர் கொஞ்சம் குறைந்தால் பனியன் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த ஆண்டு யாரும் புது இயந்திரம் வாங்க மாட்டார்கள். இயந்திரம் விற்பவர் கடையில் ஈ ஓட்டுவார். ஆர்டர் பெருகினால் அதே கடையில் நிற்க இடம் இருக்காது. இப்படிப்பட்ட தொழிலின் பங்கு தூரியாட்டம் மேலும் கீழும் ஆடத்தான் செய்யும். "விலை இறங்கினா மலிவுன்னு மட்டும் அர்த்தமில்லை. வாங்கறவன் கையைக் கட்டிக்கிட்டான்னும் இருக்கலாம்."

இவ்வளவு சந்தேகப்பட்டவர், கடைசியில் தன் வியாபார லாபத்தில் கொஞ்சம் எடுத்து, சித்தியின் பெயரில் இருந்த கணக்கில் அந்தப் பங்கை வாங்கவும் செய்தார். எனக்குக் குழப்பமாக இருந்தது. கேட்டேன். "சந்தேகமெல்லாம் தீர்ந்த பொறகு வாங்கலாம்தான். அப்ப இந்த விலை இருக்காது. போனாலும் சோறு திங்கற அளவுக்குத்தான் வாங்கியிருக்கறேன்" என்றார்.

இதோடு நிறுத்தினால் அவரைப் பற்றி அழகாகச் சொன்னதாகும், உண்மையாகச் சொன்னதாகாது. விலை இன்னும் இறங்கியது. தாராபுரம் சாலையில் மூடப்போகும் ஒரு ஆலையின் இயந்திரங்களுக்கு முன்பணமாக வைத்திருந்ததை எடுத்து, ஒரு நாள் காலையில் அதே பங்கை இரண்டாம் முறையாக வாங்கிவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. எந்தப் பக்கத்தையும் படிக்கச் சொல்லவில்லை. அந்த இயந்திரங்கள் வேறொருவர் கைக்குப் போன பிறகுதான் சித்திக்கே விஷயம் தெரிந்தது. சித்தி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்; தட்டு மட்டும் வைப்பார். குடோனில் சித்தப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மொதல்ல வாங்கினது நானு. ரெண்டாவது வாங்கினது எனக்குள்ள இருக்கற நூல்காரன். இத்தனை மலிவா வருதேன்னு கை தன்னால போயிருச்சு."

அவர் இறந்தது அதனால் அல்ல. இரத்த அழுத்தம் இருக்கிறது என்று மருத்துவர் முன்பே மாத்திரை கொடுத்திருந்தார். "தலை சுத்தலை, மயக்கமில்லை. நல்லாத்தான இருக்கறேன்? மாத்திரைக் கம்பெனிக்கும் ஆர்டர் வேணுமில்ல" என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். பிரிக்காத மாத்திரை அட்டைகளைச் சித்தி அலமாரியிலிருந்து எடுத்து அப்பாவிடம் காட்டினார். ஒரு காலை இயந்திரத்தில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தபோது சித்தப்பா அப்படியே சாய்ந்தார். அந்த வாரம் பங்கின் விலை சற்று ஏறியிருந்தது. கதை சொல்பவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

கருமாதி முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் துரைசாமி மாமா சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மல்லிகா, அந்தப் பங்கையெல்லாம் இன்னைக்கே வித்துரு. இன்னும் இறங்கும். குடோனையும் காலி பண்ணிரலாம். வர்ற பணத்தை என்ற நூல்ல போடு, மாசமானா வருமானம்."

சித்திக்கு அந்தக் குடோனைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் இருக்கிறான். மாமா பக்கம் திரும்பிக் கேட்டார்:

"நீங்க வாங்கினதை வித்துட்டீங்களாண்ணா?"

"நான் தாங்குவேன். நீ தாங்குவியா?"

"அப்ப நீங்க வெச்சிருக்கறீங்க. என்னைய மட்டும் விக்கச் சொல்றீங்க. ஏனுங்ண்ணா?"

மாமாவின் முகம் சிவந்தது. "கூடப் பொறந்தவனையே நம்பலையா நீயி?"

"நம்பறனுங்ண்ணா. அதுக்காகக் கேக்காம இருக்க முடியுங்களா?"

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. நல்லதாகவும் இருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

சில நாள் கழித்து, இரண்டாம் முறை வாங்கிய அளவுக்கு மட்டும் சித்தி பங்குகளை நட்டத்தில் விற்றார். அந்தப் பணத்தை மறுபடி இயந்திர வியாபாரத்தில் போட்டார். மீதியைத் தொடவில்லை. "அவரு யோசிச்சு வாங்கினது கெடக்கட்டும். ஆசையில வாங்கினது போகட்டும்" என்றார். எல்லாப் பங்கும் ஒன்றுதானே சித்தி, எது எப்போது வாங்கியது என்று அதற்குத் தெரியுமா என்றேன். "பங்குக்குத் தெரியாது கண்ணு. எனக்குத் தெரியுமல்ல?" என்றார். அது சரியான முடிவா என்று சொல்ல எனக்கு வயது போதாது. குடோன் திறந்திருக்கிறது. உங்களில் யாராவது இயந்திரம் விற்பதாக இருந்தால் சித்தி வந்து பார்ப்பார்.

சித்தப்பாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய சந்தேகத்தைத்தான். அதையும் அப்படியே அல்ல. அவர் தன் உடம்பின் மேல் மட்டும் படாமல் விட்ட சந்தேகத்தையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன். போன வாரம் அப்பாவை வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப்போனேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"எனக்கென்ன சாமி, நல்லாத்தான இருக்கறேன்?"

நான் நம்பவில்லை.